தோட்டங்களில் தேனீ வளர்த்தலும் தேனீக்குரிய மரஞ்செடிகளை வைத்தலும்

தேனீ வளர்ப்பது தேனுக்காகவே என்று நம் குடியானவர்களில் பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் பாதியளவே சரியாகும். ஒரு பெட்டியிலிருந்து ஆண்டொன்றுக்கு எடுக்கும் சில கிலோ தேனின் விலையைக் கணக்கிட்டுப் பார்த்து, "இதற்காகவா இத்தனை தொல்லை?" என்று கேட்டு விட்டுவிடுகிறவர்கள், அதே தேனீக்கள் தங்கள் தோட்டத்தில் செய்துவிட்டுப் போகும் வேலைக்கு விலை போடுவதில்லை. அவ்வேலையின் மதிப்பு இன்னதென்பது, தேனீ இல்லாதுபோன வருஷத்தில்தான் தெரியவருகிறது.

துடியலூருக்கு வடமேற்கே, குருடி மலையைப் பார்த்தாற்போலுள்ள ஒரு கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் சில வருஷங்களுக்கு முன்பு நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாகும். தோட்டக்காரர் அரை ஏக்கரில் அரசாணி வைத்திருந்தார். கொடி நன்றாய்ப் படர்ந்திருந்தது. தொழு உரத்துக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. "பூவெல்லாம் நெறயப் பூக்குதுங்க, பிஞ்சுதான் நிக்க மாட்டேங்குதுங்க" என்று அவர் என்னிடம் முறையிட்டார். பிஞ்சு விரல் பருமன் ஆனதும் மஞ்சளித்து உதிர்வதைக் கண்டு, அது ஏதோ பூச்சியின் வேலையென எண்ணி, வாரம் இருமுறை மருந்தும் தெளித்து வந்தார். தெளித்த வேளை காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடைப்பட்டதாகும்.

மறுநாள் பொழுது புலருமுன் அங்கே சென்று பார்த்தேன். நூற்றுக்கு மேற்பட்ட பூக்கள் விரிந்திருந்தும், ஒரு மணி நேரத்தில் ஒரு தேனீயும் என் கண்ணில் படவில்லை. அன்று மாலையே, மறுநாள் விரியவிருந்த பெண் பூக்களில் சிலவற்றுக்குத் துணிப்பை கட்டி, ஈ நுழையாமல் விட்டுவைத்தோம். வேறு சிலவற்றுக்கு, மறுநாள் காலை ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, அதன் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியின்மேல் தடவினோம். பத்து நாளில் பை கட்டியவை யாவும் உதிர்ந்தன. கையால் தடவியவற்றில் பெரும்பாலானவை நின்று காயாயின. தோட்டக்காரருக்கு அதன்பின் நான் விளக்கவேண்டியது அதிகமிருக்கவில்லை.

அரசாணி, பாகல், பீர்க்கு, புடலை, வெள்ளரி முதலிய கொடிவகைகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அரசாணியின் மகரந்தப் பொடி கனமுள்ளதும் பிசுபிசுப்பானதும் ஆகையால், காற்று அதைக் கொண்டுசெல்லாது. ஈயின் உடம்பில் ஒட்டித்தான் அது மற்றொரு பூவுக்குப் போகவேண்டும். பூ விடியற்காலையில் விரிந்து, உச்சிப்பொழுதுக்குள் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் ஈக்கள் பலமுறை வந்துபோனாலன்றிப் பிஞ்சு முழுதாய்ச் சூல் கொள்ளாது. அரைகுறையாய்ச் சூல் கொண்ட காய் ஒருபுறம் வீங்கி மறுபுறம் சூம்பிப்போவதைச் சந்தையில் பலரும் கண்டிருக்கலாம். ஈ வரும் நேரம் பார்த்து நஞ்சு தெளித்தால், தெளித்தவர் தம் கூலியாட்களைத் தாமே விரட்டியவராகிறார்.

எல்லாப் பயிருக்கும் தேனீயே வேண்டுமென்று சொல்வதற்கில்லை. சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவை காற்றினாலேயே மணி பிடிக்கும். தேனீ அவற்றிலிருந்து மகரந்தத்தைத் தன் புழுக்களுக்கு உணவாக எடுத்துப்போவதோடு சரி. தக்காளி, கத்தரி ஆகியவற்றின் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டும் உடையது. பூவைப் பிடித்துக்கொண்டு இறக்கைத் தசையை அதிரச்செய்யும் ஈ வந்தால்தான் பொடி கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அதைச் செய்பவை கருவண்டு போன்ற பெரிய தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட சிறு மண்கூட்டுத் தேனீயும் ஆகும். உலர்ந்த மூங்கிலையும் பட்ட மரக்கிளையையும் துளைத்து வாழும் தச்சுத் தேனீயை வீட்டுக் கூரைக்குக் கேடென்று அடித்துக் கொல்கிறார்கள். முருங்கைப் பூவிலும் அதன் உதவி பெரிது. வேலியோரத்தில் நாலு உளுத்த கட்டைகளைக் கிடக்கவிடுவதில் நஷ்டமொன்றுமில்லை. சூரியகாந்தி, கொத்தமல்லி, விதைக்காக விடும் வெங்காயம், தென்னை ஆகியவற்றிலோ தேனீயின் பயன் நன்கு கண்டறியப்பட்டதாகும்.

இனி, வளர்க்கும் இனத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். பாறைகளிலும் உயர்ந்த மரக்கொம்புகளிலும் ஒரே பெரிய அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீயும், புதரில் கையகல அடை கட்டும் கொம்புத் தேனீயும் பெட்டிக்கு அடங்கமாட்டா. கொட்டாத கொசுத்தேனீயைச் சுவர்ப்பொந்திலிருந்து சிறு பெட்டிக்கு மாற்றலாம். தேன் கொஞ்சமே கிடைக்கும். இத்தாலியத் தேனீ மிகுதியாகத் தேன் தருமாயினும், பரந்த பூங்காடும், பருவந்தோறும் பெட்டிகளை லாரியேற்றி ஊர் மாற்றும் வசதியும் உள்ளவர்களுக்கே அது ஏற்றது. நாலைந்து ஏக்கர் தோட்டமுடைய நம்மவர்க்கு, மரப்பொந்திலும் கிணற்றுச் சுவரிலும் வரிசையாய் அடை கட்டும் அடுக்குத் தேனீயே தக்கது என்பது என் அபிப்பிராயம். இதற்கேற்ற சிறு பெட்டியைத் திருத்தியமைத்தவர் நியூட்டன் பாதிரியார். அவர் 1911 முதல் 1917 வரை தென்னாட்டில் பலருக்கும் இத்தொழிலைக் கற்பித்தார். கீழறையில் 7 சட்டங்களைக் கொண்ட அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மார்த்தாண்டத்தில் ஸ்பென்ஸர் ஹாச் துரை 1920-களில் நடத்திய கிராம புனருத்தாரண நிலையத்தின் வாயிலாகக் குமரிப் பக்கத்தில் இத்தொழில் வேரூன்றியதும் பலர் அறிந்ததே.

இவ்வளவு வேரூன்றிய தொழில் ஒருமுறை அடியோடு சாய்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1991, 1992-ஆம் வருஷங்களில் தாய் ஸாக் புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னாட்டு அடுக்குத் தேனீக்களிடையே பரவி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலான குடிகளை அழித்தது. இந்நோய் முதன்முதல் தாய்லாந்தில் 1976-ல் கண்டறியப்பட்டமையால் இப்பெயர் பெற்றது. அக்காலத்தில் வெறும் பெட்டிகளை அடுப்பெரித்த குடும்பங்கள் பல. இன்று நம் பகுதியிலுள்ள ஈக்கள் அதற்குத் தப்பிய குடிகளின் வழிவந்தவை. நோயோ முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆங்காங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. முதிர்ந்த புழுக்கள் அறைக்குள் தலையை மேலே நிமிர்த்தி, ஓடம்போல் விறைத்துக் கிடக்கும். ஊசி முனையால் எடுத்தால் தோல் பையாகி, உள்ளே நீர் கட்டியிருக்கும். இதைக் கண்டால் வேறொன்றும் யோசிக்கவேண்டியதில்லை. இதற்கு மருந்து கிடையாது. கெட்ட அடைகளை எடுத்து எரித்துவிட்டு, ராணியைச் சிறு கூண்டிலிட்டு இரண்டு மூன்று வாரம் முட்டையிடாமல் நிறுத்திவைத்தால், புழு இல்லாத இடைவெளியில் நோயின் தொடர்ச்சி அறுபட்டுக் குடி தேறுவதுண்டு. நோய் கண்ட பெட்டியின் சட்டத்தையோ தேனையோ மற்றொரு பெட்டிக்குக் கொடுப்பது பெருந்தவறு. நோயைத் தாங்கி நின்ற குடியிலிருந்து ராணியை உண்டாக்கிக்கொள்வதே நீடித்த வழி.

பருவத்துக்குப் பருவம் செய்யவேண்டியவற்றை இனிக் கூறுவோம். மலையடிவாரத்துக்கும் கீழ்க்காட்டுக்கும் பூக்கும் காலம் சில வாரங்கள் முன்பின்னாக இருக்கும். ஆதலால் கீழ்க்கண்டவற்றை அவரவர் தோட்டத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளவேண்டும்.

புதிதாகத் தொடங்குவோருக்குத் தை மாதமே நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையில் முளைத்த தும்பையும், ஐப்பசியில் விதைத்த கொத்தமல்லியும் பூத்திருக்கும். பனி விலகி வெயிலும் இதமாயிருக்கும். ராணி மிகுதியாய் முட்டையிடத் தொடங்குவாள். இக்காலத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, பழைய கறுத்த அடைகளை நீக்கிவிடவேண்டும். மாசியில் முருங்கை பூத்ததும் குடி பெருகி, பிரிந்துபோக ஆயத்தமாகும். ஆண் ஈக்களின் அறை மூடிகளில் நடுவே ஊசித்துளை காணப்படுவதும், அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலைக் காய்போல ராணி அறைகள் தொங்குவதும் அதன் அடையாளங்கள். அப்போது குடியை இரண்டாகப் பிரித்து, முதிர்ந்த ராணி அறையுள்ள சட்டங்களைப் புதுப்பெட்டிக்கு மாற்றினால், பறந்துபோகவிருந்தது நமக்கே இரண்டாம் பெட்டியாகும். குடியைப் பிரிக்க விருப்பமில்லாதவர்கள் ராணி அறைகளைக் கிள்ளி எறிந்து, மேலே தேனறையை வைத்து இடங்கொடுக்கவேண்டும்.

பங்குனி முதல் வைகாசி வரை நமக்குத் தேன் அறுவடை. புங்கும் வேம்பும் சித்திரையில் பூக்கும். அவற்றை அடுத்துப் புளி. மாசிப் பட்டத்து எள்ளும் இவற்றோடு சேரும். தேனறையிலுள்ள அடையில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடியிட்ட பின்னரே தேனை எடுக்கவேண்டும். மூடாத தேனில் நீர் மிகுந்திருப்பதால் புளித்துப்போகும். கீழறைத் தேனைத் தொடவே கூடாது. வெயில் கடுமையாதலின் பெட்டி நிழலில் இருக்கவேண்டும். அருகில் ஒரு சட்டியில் கூழாங்கல்லை இட்டு, கல் மூழ்காதபடி நீர் ஊற்றிவைத்தால் ஈக்கள் மூழ்காமல் குடிக்கும். இச்சிறு காரியத்தைச் செய்யாதவர்களின் ஈக்கள்தாம் பக்கத்து வீட்டுக் குடிநீர்க் குழாயில் மொய்த்துச் சண்டையை விளைவிக்கின்றன.

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசத் தொடங்கி, ஆவணி வரை அடங்காது. கோயமுத்தூருக்கு வெளியே எழுதப்பட்ட தேனீப் புத்தகங்கள் பலவற்றிலும் இக்காற்றைப் பற்றி ஒன்றும் இராது. ஆயினும் நம் பகுதியில் பெட்டிகள் வெறுமையாவதற்கு இதுவே முதற்காரணம் என்பேன். ஈக்கள் காற்றை எதிர்த்துப் பறக்கமுடியாமல் களைத்து விழுகின்றன, பூவும் குறைவு, கொண்டுவருவது செலவுக்குப் போதாமல், குடி முழுதும் ஒருநாள் கூட்டைவிட்டு ஓடிப்போகிறது. ஆகையால் பெட்டியின் வாயில் கிழக்கு நோக்கியிருக்கவேண்டும். மேற்கே உயிர்வேலியோ சாளைச் சுவரோ காற்றைத் தடுக்கவேண்டும். மூடியின்மேல் ஒரு கல்லை வைக்கவேண்டும். உணவு குறைந்தால் சர்க்கரையும் தண்ணீரும் சமமாய்க் கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகை, பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள்ளே வைக்கவேண்டும். பொழுது சாய்ந்தபின் என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. நான் இத்தொழிலில் இறங்கிய புதிதில், நேரமில்லையென்று ஒரு நண்பகலில் பாகு வைத்து, பெட்டியின்மேல் சிறிது சிந்தியும்விட்டேன். அண்டைக் குடிகள் மணம் பிடித்து வந்து கொள்ளையிட, மாலைக்குள் அந்தப் பெட்டியில் செத்த ஈக்களே மிஞ்சின.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை மழைக்காலமாதலின் ஈக்கள் பலநாள் வெளியே போகா. குடி சிறுத்திருக்கும்போது ஈக்கள் மூடாத அடைகளில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். அதன் புழு வலை பின்னி அடையை மாவாக்கும். ஈக்கள் மூடிநிற்கும் அளவுக்கு மேலுள்ள சட்டங்களை எடுத்துவிடுவதே இதற்குத் தடுப்பு. பெட்டிக்கால்களை நீருள்ள கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. ஆனால் ஒரு புல்நுனி சாய்ந்து பெட்டியைத் தொட்டாலும் எறும்புக்கு அது பாலமாகிவிடும். பஞ்சுருட்டான் குருவியும் கதண்டும் பெட்டியருகே காத்திருந்து ஈக்களைப் பிடிப்பதைக் காணலாம். மார்கழிப் பனியில் பெட்டியை அடிக்கடி திறந்து புழுக்களைக் குளிரவிடுதல் கூடாது.

மேற்சொன்ன கணக்கிலிருந்து ஒன்று விளங்கும். நமக்குப் பூப் பஞ்சம் ஆடி முதல் ஐப்பசி வரைதான். ஆதலால் தேனீக்கென்று மரம் வைக்கிறவர்கள், சித்திரையில் பூக்கும் வேம்பையும் புங்கையும் மட்டுமே மேலும் மேலும் வைப்பதில் பயனில்லை. ஆவணிக்கு மேல் பூக்கும் இலந்தையும், அதையொட்டிப் பூக்கும் வெள்வேலும் வேலியில் நாலு நின்றால் பஞ்சகாலத்தில் கைகொடுக்கும். நம் முன்னோர் கொறங்காட்டிலும் கிளுவை வேலியிலும் வெள்வேலை வெட்டாமல் விட்டுவைத்தது ஆட்டுக்கு நெற்று வேண்டியாயினும், ஈக்கும் அது உதவிற்று. மழைக்காலக் கடைசியில் பூக்கும் பூந்திக்கொட்டை மரமும் நல்லது, வளரத் தாமதமாகும். முருங்கையில் பெரியகுளத்துச் செடி முருங்கையை இரண்டு மூன்று தவணையாக நட்டால் பூவும் தவணையாகக் கிடைக்கும். தென்னை ஆண்டு முழுதும் பாளை விடுவதால், தென்னந்தோப்புள்ள தோட்டத்தில் குடிகள் எளிதில் ஓடிப்போவதில்லை. கிணற்று மேட்டில் துளசியும், வேலிமேல் கொடிரோசாவும் படரவிடலாம். இவற்றுக்குச் செலவு சொற்பம். ஈக்கள் ஓயாமல் நாடும். வாய்க்கால் வரப்பிலுள்ள தும்பையையும் நெருஞ்சியையும் களையென்று களைக்கொல்லியால் கருக்காமல், பூத்து முடிந்தபின் அரிந்துவிடலாம். நெருஞ்சி விஷயத்தில் வெறுங்காலோடு நடக்கும் கூலியாட்கள் என்னோடு ஒப்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒரு மைல் தூரத்துக்குள்ளேயே இரை தேடுகிறது. ஆகவே ஒருவர் தோட்டத்துப் பெட்டி அக்கம்பக்கத்தார் எல்லாரையும் சார்ந்தது. 2011-ல் துடியலூரும் வெள்ளக்கிணறும் கோயமுத்தூர் மாநகராட்சியோடு இணைந்தன. சோளக்காடாயிருந்த நிலங்கள் பல மனைகளாகிவிட்டன. மனைக்கு எல்லைக்கல் நடும்போதே வேலிமரங்கள் போய்விடுகின்றன. எஞ்சிய தோட்டக்காரர்களுக்கும் மனைவாசிகளுக்கும் ஈக்கள் பொதுவாகிவிட்டமையால், வீட்டு முன்றிலில் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் வைப்பதும் இக்கணக்கில் சேரும்.

பூச்சி மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இமிடாக்ளோப்ரிட், தயாமீதாக்ஸாம் முதலியவை செடியின் சாற்றோடு கலந்து நிற்பவை. தேனீக்குக் கொடிய நஞ்சு. பூத்த பயிரில் இவற்றைத் தெளித்தலாகாது. வேறு வழியின்றி ஏதேனும் மருந்து அடிக்க நேர்ந்தால், மாலை 5 மணிக்கு மேல், ஈக்கள் கூடடைந்தபின் அடிக்கவேண்டும். தூளாகத் தூவுவது திரவத்தைவிடக் கேடு. முதல்நாளே அண்டைத் தோட்டத்துப் பெட்டிக்காரருக்குச் சொல்லிவிட்டால், அவர் இரவில் வாயிலைக் கம்பிவலையால் அடைத்து, மறுநாள் காலை மட்டும் ஈக்களைத் தடுத்துவைப்பார். ஒருமுறை எனக்கு இப்படிச் சொல்வாரில்லை. பக்கத்து வயலில் பூத்திருந்த சூரியகாந்திக்குக் காலையில் மருந்தடித்ததை, பகலில் என் இரண்டு பெட்டிகளின் வாயிலில் நாக்கை நீட்டிக்கொண்டு குவிந்து கிடந்த ஈக்களைப் பார்த்தே அறிந்தேன். அடித்தவர்மேல் குறை சொல்வதற்கில்லை. ஈ என்ன வேலை செய்கிறதென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவ்வருஷம் அவருடைய கொண்டைகளிலும் நடுவில் பதர் மிகுந்தது.

பெட்டிக்குக் குடி வாங்குவோர் நோயற்ற இடத்திலிருந்து, முட்டையும் புழுவும் ஒழுங்காயுள்ள 4 சட்டங்களுக்குக் குறையாமல் பார்த்து வாங்கவேண்டும். கோயமுத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறையார் மாதந்தோறும் ஒருநாள் தேனீப் பயிற்சி நடத்துகின்றனர். பெட்டியைத் திறந்து பழகாதவர்கள் முதலில் அங்கே போய்வருவது நலம். விலைகொடுக்க இயலாதவர்கள் கிணற்றுச் சுவரிலோ மரப்பொந்திலோ உள்ள குடியைப் பெட்டிக்கு மாற்றலாம். மாலையில் மெல்லப் புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, புழுவுள்ளவற்றை மட்டும் சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டவேண்டும். ராணி உள்ளே வந்துவிட்டால் மற்றவை தாமே வந்துசேரும். வாயிலில் ராணி புகமுடியாத தகட்டைச் சில நாட்கள் வைத்திருந்து, அடைகள் சட்டத்தோடு ஒட்டியபின் நாரை நீக்கிவிடலாம். பெரும்பாலும் ஈக்களே அதைக் கடித்து வெளியே தள்ளிவிடும்.

மேலே குறித்த அரசாணித் தோட்டக்காரர் அவ்வாறே தம் பழைய கிணற்றிலிருந்து ஒரு குடியை எடுத்து, அடுத்த மாசியில் அதை இரண்டாக்கினார். அவற்றில் ஒன்று அவ்வருஷத்து ஆடிக் காற்றில் ஓடிப்போயிற்று. மற்றதைச் சாளையின் கீழ்ப்புறத்துக்கு மாற்றி, மேற்கு வேலியில் பத்து இலந்தைக் கன்றுகள் வைத்திருக்கிறார். அரசாணிக்கு மருந்தடிக்கும் நாள் வந்தால், பொழுது சாய்ந்தபின்னரே கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார்.